யென் வீட்டுக் கடல்

கையை முழங்கை வரை மூன்று தடவை வெறும் தண்ணீரில் கழுவியாயிற்று. சோப்பு கூடாது, நத்தைகளுக்கு ஆகாதாம். யென் சாவ்-மிங் கண்ணாடி மீன்தொட்டியின் மேல் குனிந்து ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்கிறார். அதை உப்புப் பார்க்கும் குழலில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். உப்பு சரி. பிறகு தொட்டியைப் பார்த்து, "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" என்று விசாரிக்கிறார். "நான் தூங்கல. வேர்த்துக் கொட்டுச்சு," என்று அடுக்களையிலிருந்து பதில் சொல்கிறாள் அவர் மனைவி பி-யுன். கேள்வி தன்னைக் கேட்டதல்ல என்று அவளுக்கும் தெரியும்.

வேர்க்காமல் என்ன செய்யும்? அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஏ.சி. அது கூடத்தில், தொட்டிக்கு நேர் மேலே, இரவும் பகலும் இருபத்தைந்து டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. மீன்களும் பவளங்களும் சுகமாக இருக்க, புருஷனும் பெண்டாட்டியும் படுக்கையறையில் ஒரு மின்விசிறியின் காற்றைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

வீடு கீலுங் துறைமுகத்தைப் பார்த்த நாலாவது மாடியில் இருக்கிறது. பின்பக்க பால்கனியில் நின்றால் கடல் கைக்கெட்டும் தூரம். ஆனால் யென் ஜெர்மனியிலிருந்து வரும் உப்பை, நாலு வடிகட்டிகளில் வடித்த குழாய்த் தண்ணீரில் கரைத்து, நாள் முழுக்கக் கலக்கிக் கடல் தயாரிக்கிறார். 'இதோ இருக்கே கடல், ஒரு வாளி மொண்டுக்கலாமே' என்று யாராவது கேட்டால் முகம் சுளிக்கிறார். "அந்தத் தண்ணியா? கப்பல் எண்ணெயும் மீன் சந்தைக் கழிவும்! அதுல என் பிள்ளைங்களை விடுவேனா?"

"உன் பிள்ளைங்க கடல்லேர்ந்து வந்ததுதானேய்யா?" என்பாள் பி-யுன்.

"இப்ப நல்ல இடத்துக்குக் குடி மாறிடுச்சு."

குடி மாறுவதெல்லாம் அவருக்குத் தொழில். நகரத்தின் மக்கள் பதிவு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாகப் பிறப்பு, இறப்பு, திருமணம், முகவரி மாற்றம் என்று முத்திரை குத்துகிறார். அதே கையெழுத்தில் வீட்டிலும் ஒரு பதிவேடு உண்டு. பெயர், வந்த தேதி, இறந்த தேதி, காரணம். காரணப் பத்தியைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 'தரையில் குதித்து.' 'அண்டை வீட்டாரால் தின்னப்பட்டு.' 'என் கவனக்குறைவு.' கடைசிக் காரணம்தான் அடிக்கடி வருகிறது. முதல் வருடத்துப் பக்கங்களில் வேறு எதுவுமே இல்லை.

ஒரு கோடையில் ஆறு மணி நேரம் மின்சாரம் போயிற்று. குடும்பத்தில் அவசரம் என்று அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வந்து, கிண்ணத்தால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார், தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று. தோள்பட்டை ஒரு மாதம் வலித்தது. ஆனால் அன்று பிழைத்த தங்கநிறப் பவளம்தான் இன்று அந்த வீட்டின் மூத்த பிள்ளை. ஒரு தலையோடு வந்தது, ஆறு வருடத்தில் ஏழு தலையாகியிருக்கிறது. தலைக்கு நூறு விரல், எல்லாம் நீரோட்டத்தில் ஆடும். அதன் முன்னால் உட்கார்ந்தால் யென்னுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

தொட்டி வருவதற்கு முன் அந்த இடத்தில் அப்பா இருந்தார். அதாவது, அப்பாவின் பெயர் பொறித்த பலகை வைத்த பூஜை மேடை. கிழவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கடலிலிருந்து எது வந்தாலும் இஞ்சி போட்டு வேகவைத்துத் தின்றுதான் அவருக்குப் பழக்கம். ஊதுபத்திப் புகை தண்ணீரில் இறங்கினால் பவளம் கருகிவிடும் என்று எங்கோ படித்த யென், மேடையைப் பின்பக்கம் அடுக்களைக்குத் தள்ளி, பால்கனிக் கதவை அடைத்தாற்போல் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கதவு திறக்கவில்லை, துணி குளியலறையில் காய்ந்தது. முறைப்படி அப்பாவிடம் கேட்காமலும் இல்லை. குறி கேட்க உதவும் பிறை வடிவ மரத்துண்டுகளான பிறைக்கட்டை இரண்டையும் தரையில் போட்டுக் கேட்டார். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். அது பதினோராவது தடவைதான் விழுந்தது. முதல் பத்தும் கைதவறிப் போட்டதாம்.

போன வருடம், சீனப் பஞ்சாங்கத்தின் ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள். ஆவிகளுக்கெல்லாம் படையல் போடும் நாள். கீழே தெருவில் வீட்டுக்கு வீடு மேசை போட்டு, அன்னாசியும் நூடுல்ஸும் அடுக்கி, தகர டிரம்களில் ஆவிகளுக்கான காகிதப் பணத்தை எரிப்பார்கள். கொத்துக் கொத்தாகச் சாம்பல் பறக்கும். யென் விடியும் முன்பே முன்பக்க ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கெல்லாம் ஈரத் துண்டு செருகி, மேலே நாடா ஒட்டினார். பி-யுன் படையலுக்குப் பன்றியும் கோழியும் வேகவைத்துக்கொண்டிருந்தாள். மூன்று அடுப்பும் காலையிலிருந்து எரிந்தன.

பிற்பகல் மூன்று மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பவளத்தின் ஏழு தலையும் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் எலும்பாக நின்றன. யென் வளர்ப்பு மீன் கடை ஆ-தெங்குக்குப் போன் போட்டார்.

"அண்ணே, வீட்டை மூடி வெச்சிருக்கீங்களா?"

"ஈ, எறும்பு நுழையாது. ஒரு தூசி சாம்பல் உள்ள வரல!"

"அடுப்பு?"

"மூணும் எரியுது. படையலாச்சே."

ஆ-தெங் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது. "சாம்பலுக்குப் பயந்து நீங்களே கழுத்தை நெரிச்சுட்டீங்களேண்ணே! உள்ள இருக்கிற கெட்ட காத்தெல்லாம் தண்ணியில இறங்கியிருக்கு. அடுப்பை அணைச்சுட்டு இப்பவே ஜன்னலைத் திறங்க. சாயங்காலம் வரைக்கும் இப்படியே விட்டீங்க, ஒவ்வொரு தலையா உதிரும்."

அடுப்பை அணைத்தாயிற்று. முன்ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே நாலு டிரம், புகை மேகம் போல ஏறுகிறது. இனி சுத்தமான காற்று வர ஒரே வழிதான் பாக்கி. பின்பக்கம், கடலைப் பார்த்த பால்கனிக் கதவு. அதை அடைத்துக்கொண்டு அப்பா.

"அவரைக் கேக்காம நகத்தக்கூடாது," என்றாள் பி-யுன். பிறைக்கட்டைகளை எடுத்து நீட்டினாள். "அதுவும் இன்னிக்கு. ஊர்ல இருக்கிற ஆவியெல்லாம் விருந்து சாப்பிடற நாளு."

யென் மண்டியிட்டார். "அப்பா, கூடத்துக்கே வந்துடுங்கப்பா." கட்டைகளைப் போட்டார். இரண்டும் மல்லாந்தன. அப்படி விழுந்தால் கேட்கப்பட்டவர் சிரிக்கிறார் என்று அர்த்தம். மறுபடி போட்டார். மறுபடியும் சிரிப்பு.

"சிரிக்க மாட்டாரா பின்ன?" என்றாள் பி-யுன். "இந்தச் சமையல் வாடைக்கும் அடுப்புப் புகைக்கும் பக்கத்துல ஆறு வருஷமா நிக்க வெச்சுட்டு, இப்ப மூச்சு முட்டுதுன்னதும் அப்பா ஞாபகம் வருது. உண்மையைச் சொல்லிக் கேளுய்யா."

யென்னின் கண் கலங்கிவிட்டது. அப்பா போனபோது இந்த மனிதர் அழவில்லை என்று அவள் சொந்தக்காரர்களிடம் சொல்வதுண்டு. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதது அவளுக்குத் தெரியாது. "உங்களை நகத்தினது என் தப்புதாம்ப்பா," என்றார். "பவளத்துக்காகத்தான் இப்பவும் கூப்பிடறேன். பொய் சொல்லல. வாங்கப்பா." கட்டை ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தது.

இருவரும் மேடையைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டிக்கு எதிரே வைத்தார்கள். பால்கனிக் கதவு ஆறு வருடத் துருவோடு கிறீச்சிட்டுத் திறந்தது. கப்பல் எண்ணெய் நாற்றமும் மீன் சந்தை நாற்றமும் கலந்த கடற்காற்று தடதடவென்று உள்ளே வந்தது. அரை மணி கழித்து மீன்கள் கீழே இறங்கின. பவளத்தின் ஒரு தலையிலிருந்து மூன்று விரல்கள் எட்டிப் பார்த்தன. யென் அவற்றை இரண்டு தடவை எண்ணினார்.

"வந்தவருக்கு ஊதுபத்தி கொளுத்தாம விடறது நல்லாவா இருக்கு?" என்றாள் பி-யுன்.

மூன்று ஊதுபத்திகளை ஏற்றி, இரு கையாலும் நெற்றிக்கு நேரே பிடித்து, யென் அப்பாவின் முன் நின்றார். மனதார நன்றி சொன்னார். காற்று புகையைச் சுருட்டி அவர் தோளைத் தாண்டிப் பின்னால் கொண்டுபோயிற்று. பின்னால்தான் தொட்டி. ஊதுபத்தியை வலக்கை மட்டும் பிடித்துக்கொள்ள, இடக்கை மெல்ல இறங்கி, அப்பாவின் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் போய், புகையை விசிறத் தொடங்கியது.