ஏழுமலையின் கையைக் காத்த மாதம்

போன வாரம் ஒருவர் கடைக்கு வந்து வாலிபால் கேட்டார். பொம்மையார்பாளையத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், நோட்டு, பேனா, பிறந்தநாள் பலூன், அவற்றோடு பந்தும் மட்டையும். பந்துகளைக் காற்றில்லாமல்தான் அடுக்கி வைத்திருப்பேன். யாராவது கேட்டால் பம்பைத் தேடி எடுப்பேன். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்.

"அண்ணே, பையன கோச்சிங் சேத்து விடலாம்னு இருக்கேன். கோச்சிங் குடுத்தா வந்துடுமா, இல்ல பொறக்கறப்பவே இருக்கணுமா?"

"சேத்து விடுங்க" என்றேன். பந்து விற்கிறவனுக்கு வேறு பதில் ஏது? அவர் போய்விட்டார். புது ரப்பர் வாசனை மட்டும் என் கையிலேயே தங்கிவிட்டது. ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

எங்கள் பந்துக்கு இந்த வாசனை இருந்ததில்லை. மரக்காணம் உப்பளத்தில் ஆடிய பந்து அது. உப்புத் தண்ணீர் தேங்கிய சேற்றுக்கு ஒரு நாற்றம் உண்டு. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள், எங்களுக்கு அது சோற்று வாசனை மாதிரி பழகிப்போன ஒன்று. பந்துக்கும் அதே வாசனைதான். தையல் ஓரங்களில் உப்புப் பூத்திருக்கும். முகத்தில் பட்டால் எரியும். எனக்கு அடிக்கடி பட்டிருக்கிறது.

கோர்ட் என்று பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். உப்பு அடைத்து வைக்கும் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாத்தி சும்மா கிடந்தது. தண்ணீர் விடும் முன் பாத்தியின் தரை இறுகுவதற்காக எல்லோரும் வரிசையாக நின்று காலால் மிதிப்போம். உப்பளத்தில் வருஷா வருஷம் நடக்கிற வேலைதான் அது. அந்தச் சும்மா பாத்தியையும் அதே மாதிரி மிதித்து, இரண்டு சவுக்குக் கழி நட்டு, மீன் வலையைக் குறுக்கே கட்டினோம். சிமெண்டுத் தரை தோற்றுவிடும். மழை வந்தால் கரைந்துவிடும், தை பிறந்ததும் மறுபடி மிதிப்போம்.

அப்போது எனக்கு இருபது சொச்சம் வயது. லாரியில் உப்பு மூட்டை ஏற்றும் வேலை. உயரமாக இருப்பேன், அதனால் கல்யாணப் பந்தல் போடும்போதும் வாலிபால் ஆடும்போதும் மட்டும் ஊரில் எனக்கு மரியாதை. வலையோரம் நின்று அடிப்பது என் வேலை. நான் எகிறி அடித்தால் கைதட்டுவார்கள். ரொம்ப நாள் அந்தக் கைதட்டல் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலைக்குக் காய்ச்சல் வந்து, வேறொருவன் எனக்குப் பந்து தூக்கிக் கொடுத்தான். அன்றைக்கு நான் அடித்ததெல்லாம் வலையைத்தான்.

ஏழுமலை எங்கள் செட்டர். ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பந்தை ஒருவன் எடுப்பான். இரண்டாவதாகத் தொடுகிறவன் செட்டர். அவன் விரல் நுனியால் வலைக்கு மேலே தூக்கிக் கொடுக்க, மூன்றாவது ஆள் அடிப்பான். யாருக்கு, எவ்வளவு உயரத்தில், எந்த நேரத்தில் கொடுப்பது என்பதையெல்லாம் செட்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பந்து அவன் விரலில் இருக்கும் நேரம் இமை மூடித் திறக்கும் நேரம்கூட இல்லை. ஜெயித்தால் அவன் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. தோற்றால் முதலில் வரும்.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆட்டம் தொடங்கும்போது எங்களில் யார் முகம் வாடியிருக்கிறதோ அவனுக்குத்தான் முதல் பந்து. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாட்களில் எனக்கே முதலில் வரும். அடித்து முடித்ததும் மனசு லேசாகிவிடும், அப்புறம் ஒழுங்காக ஆடுவோம். இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. அவனும் இதைப் பற்றி எங்களிடம் பேசியதில்லை.

எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் சலீம் பாய். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். துபாயில் இருந்தபோது அங்கே ஒரு கம்பெனி டீமில் ஆடியவர். எங்களைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கழுத்தில் விசிலோடு மொபெட்டில் வந்து இறங்குவார். கோபம் வந்தால் விசிலை ஊத மறந்து கையை வீசிக் கத்துவார். துணி அளக்கிற மீட்டர் கட்டையாலேயே எங்கள் கால் எங்கே இருக்க வேண்டும் என்று தரையில் கோடு கிழிப்பார். "டேய் ஏழுமல, பந்த பாக்காதடா. பந்து ஒன்கிட்டதான் வருது, எங்க போயிடப் போவுது? எதிர்ல நிக்கிறவன் கால பாரு" என்பார். ஏழுமலை சிரித்துக்கொண்டே அப்படியே செய்வான்.

இரண்டே வருஷத்தில் ஏழுமலையின் பெயர் திண்டிவனம் வரை போய்விட்டது. டீக்கடையில் வாதமும் அங்கிருந்துதான் தொடங்கியது. எங்கள் டீமிலேயே தணிகாசலம் என்று ஒருவன், ஓயாமல் பேசுவான். "பாய் எல்லாருக்குந்தான சொல்லிக் குடுத்தாரு? எனக்கு ஏன் வரல? அது அவன் பொறவியிலயே வந்ததுப்பா" என்பான். பாய் காதில் விழுந்தால் தீர்ந்தது. "அரே, மொதல்ல அவன் காலு எப்டி இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா? சேத்துல நடக்கற மாதிரி வெப்பான். நான் மாத்துனேன்டா" என்பார். நான் தினமும் கட்சி மாறுவேன். யார் டீ வாங்கித் தருகிறார்களோ அவர்கள் கட்சி. ஏழுமலை அங்கேயேதான் உட்கார்ந்திருப்பான், வாய் திறக்க மாட்டான். அவனைக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அவன் மனசில் இருந்தது ஒன்றே ஒன்று. அவன் அப்பாவும் உப்பளத்துக்காரர். நாங்கள் பார்க்கும்போதே சோற்றுத் தட்டைத் தடவித் தேடுகிறவராக ஆகிவிட்டிருந்தார். வெயிலில் உப்பு கண்ணை எப்படிக் கூச வைக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வருஷக்கணக்கில் அதைப் பார்த்தால் கண் போய்விடும். ஒருநாள் லாரி மறைவில் உட்கார்ந்திருந்தபோது ஏழுமலை சொன்னான். "எங்கப்பா மாதிரி ஆவறதுக்குள்ள இங்கேர்ந்து போயிடணும்டா. எந்த வேலன்னாலும் பரவால்ல. நெழல்ல உக்காந்து செய்யணும்."

அந்த வழியும் வந்தது. சென்னையில் ஒரு அரசுத்துறை டீமுக்கு செட்டர் தேவை, தேர்வில் எடுத்துவிட்டால் நிரந்தர வேலை என்று பாய் விசாரித்து வந்தார். வைகாசி முடிவில் தேர்வு. பாய் அவன் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். உப்பு வாருகிறவன் கை எப்படி இருக்கும்? விரல் நுனியெல்லாம் வெடிப்பு. "இந்தக் கையில புதுப்பந்து மாட்டும்பா. ரெண்டு தடவ பட்டுச்சு, டபுள் டச்சுன்னு விசில் ஊதிடுவான். ஒரு மாசம் உப்புல கை வெக்காத. எண்ண தடவு" என்றார்.

உப்பளத்தில் சித்திரை வைகாசிதான் வேலை இடுப்பை முறிக்கும் காலம். ஒரு ஆள் குறைந்தால் மேஸ்திரி ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் நாங்கள் பேசி முடிவு செய்தோம். ஏழுமலையின் பாத்தியை நாங்கள் முறை போட்டு வாருவது, அவன் பேர் மட்டும் வேலையில் இருப்பது. மேஸ்திரியும் ஒரு வழி சொன்னார். அவனைச் சும்மா வீட்டில் வைக்க வேண்டாம், வரப்பில் காவலுக்கு உட்காரட்டும். வாரிக் குவித்த உப்பில் மாடு ஏறாமல், நாய் அசிங்கம் செய்யாமல் பார்த்துக்கொண்டால் போதும். கைக்கு வேலையே இல்லை. எங்களுக்குச் சந்தோஷம்.

அந்த மாதம் முழுக்க அவன் வரப்பில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல்களில் வேப்பெண்ணெய். காலையில் நாங்கள் வாரும்போது பார்ப்போம், எதிரே உப்புக் குவியல்கள் வரிசையாக நிற்க, அவன் மடியில் கையை வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்திருப்பான். "மாப்ள மாதிரி உக்காந்துனு இருக்கான் பாரு" என்று தணிகாசலம் கத்துவான். அவன் கையை மட்டும் தூக்கிக் காட்டுவான். கை நிஜமாகவே ஆறிவிட்டது. எழுதுகிறவன் கை மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தோம். கூச்சமில்லாமல் சொல்கிறேன், எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது.

தேர்வுக்கு நாங்களும் வேன் வைத்துக்கொண்டு போனோம். எனக்கு எந்த வேலையும் இல்லாவிட்டாலும் புதுச்சட்டை தைத்துக்கொண்டேன். உள்ளரங்கம், மரத்தரை, கூரையில் பெரிய பெரிய விளக்குகள். ஏழுமலை முதல் பந்தைத் தூக்கினான். அடிக்க எகிறியவனுக்கு அது ஒரு முழம் பின்னால் போனது. இரண்டாவது பந்து அவன் விரலில் பட்டு நெற்றியில் விழுந்தது. அப்புறம் விசில், விசில், விசில். அவன் பந்துக்கு அடியில் போவதற்குள் அது தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பாய் கேலரியில் எழுந்து நின்று "காலு, காலு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், சத்தம் வரவில்லை. வேனில் திரும்பும்போது ஏழுமலை ஜன்னலோரம் தூங்கினான், அல்லது கண்ணை மூடியிருந்தான்.

மறுநாள் அவன் பாத்தியில் இறங்கி உப்பு வாரும் பலகையைப் பிடித்தான். வாதம் மட்டும் புதுசாகத் தொடங்கியது. "உப்புல பழகுன கைய எண்ண போட்டுக் கெடுத்தாரு பாய். இருந்த மாதிரியே விட்டிருந்தா ஜெயிச்சிருப்பான்" என்றான் தணிகாசலம். இந்த முறை பாய் மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் உப்பளத்துப் பக்கம் வருவதே நின்றுபோனது. நான் கடை வைத்து ஊர் மாறிய பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை அவரிடம் தீபாவளித் துணி எடுக்கப் போவேன். துணியை அளந்துகொண்டே, தலை நிமிராமல், "நல்ல கைப்பா அது. நான்தான் கெடுத்துட்டேன்" என்பார். ஒவ்வொரு வருஷமும். நானும் "விடுங்க பாய்" என்பேன். அவர் மீட்டர் கட்டையை ஓரமாக வைத்துவிட்டு பில் போடுவார்.

போன வருஷம் பாய் மௌத் ஆகிவிட்டார் என்று செய்தி வந்தது. பஸ் ஏறிப் போனேன். மய்யத்தை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போன பிறகு, பள்ளிவாசல் சுவரோரம் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழுமலை. கூட நின்றது அவன் மகள். பக்கத்தில் போய் நின்றேன். "யாரு?" என்றான். பெயரைச் சொன்னேன். "வந்துட்டியா" என்று என் கையைத் தேடிப் பிடித்தான். விரல்கள் பழையபடி வெடித்திருந்தன.

பேச்சு ஏதாவது வேண்டுமே என்று, "பாய் கடைசி வரைக்கும் ஒன் கையப் பத்திதான் சொல்லினு இருந்தாரு" என்றேன்.

"கைக்கு என்னடா?" என்றான். "கை நல்லாதான் இருந்துச்சு. அன்னைக்குப் பந்து தெரியல."

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான்.

"வார்றப்ப பலகைய பாப்போம், கால பாப்போம், தண்ணிய பாப்போம். காவலுக்கு உக்காந்தா உப்பத்தான பாக்கணும்? ஒரு மாசம் அதையேதான் பாத்துனு இருந்தேன். கடைசி வாரத்துலயே கண்ணுல தண்ணி கொட்டிக்கினே இருந்துச்சு. அங்க போயி அந்த லைட்டுக்குக் கீழ நின்னா, பந்து மேல போவறது தெரியுது, கீழ வர்றது தெரியல. அப்புறம் கொஞ்சம் தேறுச்சு. முழுசா தேறல."

"பாய்கிட்ட சொல்லியிருக்கலாமேடா. அவரு தன்னால தான்னு நெனச்சினு..."

"சொன்னா, ஏன்டா காவலுக்கு உக்கார வெச்சீங்கன்னு உங்களத்தான கேப்பாரு?" என்றான். "எனக்காக அந்த வெயில்ல வாரினவங்க நீங்க. உங்களப் போயி எப்படிடா சொல்றது?"

அவன் மகள் ஆட்டோ வந்துவிட்டது என்றாள். ஏற்றிவிட்டேன். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. உடம்பில் ஒரு பக்கம் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி அவன் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் உறைக்கவில்லை. இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.

பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் உப்பளம் வரை நடந்தேன். நாங்கள் மிதித்து இறுக்கிய பாத்தியில் இப்போது இறால் குட்டை, சுற்றிலும் நீல வலை கட்டியிருக்கிறார்கள். ஷெட் இல்லை. தணிகாசலம் மகனோடு திருப்பூர் போனவன், போன மழையில் போய்ச் சேர்ந்துவிட்டானாம். மேஸ்திரி எப்போதோ போய்விட்டார். திரும்பும் வழியில் கடைத்தெருவைத் தாண்டித்தான் வர வேண்டும். பாய் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. அதன் முன்னால் சற்று நின்றேன். "பாய், உங்க மேல தப்பு இல்ல" என்று ஒரு வாக்கியம், அவர் துணி அளந்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம். அதைக் கேட்க வேண்டியவரை அன்று மத்தியானம்தான் மண்ணில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.