கிள்ளானுக்குப் போய் வெந்நீர் வைத்த கதை

காலை எட்டரைக்குப் பிரிக்பீல்ட்ஸில் பஸ் ஏறினேன். கிள்ளானுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் ஒரு வெள்ளி இருபது காசு. பையில் நல்லெண்ணெய், மஞ்சள். மனசு முழுக்க எரிச்சல்.

தங்கச்சி சாந்திக்குப் பிள்ளை பிறந்து பதினோரு நாள். உடம்புக்குச் சுடச்சுட வெந்நீர் ஊற்ற வேண்டும். அவள் வீட்டுக்காரர் செல்வம் பெருமையாக மாட்டிய கேஸ் ஹீட்டரில் வெதுவெதுப்புக்கு மேல் வரவில்லையாம். கேரி தீவிலிருந்து அவள் மாமியார் சொல்லியனுப்பிவிட்டார்: நாலு மணிக்கு லோரி வரும், விறகடுப்புள்ள என் வீட்டுக்கே வந்துவிடு. தையல் போட்ட உடம்போடு செம்மண் ரோட்டில் குலுங்கிப் போக வேண்டுமே என்று சாந்தி போனில் அழுதுவிட்டாள். நான் உயிரோடு இருக்கும்போது அவள் லோரி ஏறுவதாவது!

பக்கத்தில் பண்டமாரான் போகும் அக்கா ஒருத்தி. கதையைக் கேட்டுவிட்டு, கேஸ் ஹீட்டரெல்லாம் ஹோட்டலுக்குத்தான் லா என்றாள். 

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஹீட்டர் சமையலறைக்கு வெளிச்சுவரில் தொங்கியது. செல்வம் குழாயை முழுக்கத் திறந்தார். நிறையத் தண்ணீர், கொஞ்சம் சூடு.

"நெருப்பு அதே நெருப்புதான் தம்பி. இவ்வளவு தண்ணிய ஓட விட்டா அது எதைன்னு சுட வைக்கும்?" என்று குழாயைப் பாதி மூடினேன். ஆவி பறந்தது. சூடு தாங்காமல் சாந்தி பக்கத்துப் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். 'டப்'பென்று நெருப்பு அணைந்தது. இரண்டு தண்ணீரும் ஒரே வாய் வழியாக வருவதால் பச்சைத்தண்ணீர் வெந்நீரை நெருக்கிவிடுகிறது. ஹீட்டருக்குள் ஓட்டம் குறைந்தால் அது தானே கேஸை நிறுத்திவிடும். இன்னும் சூடாக்குகிறேன் என்று நான் தண்ணீரை நூல் மாதிரி ஆக்கியபோதும் அதேதான் நடந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்ல!

பன்னிரண்டு மணிக்கு அக்கம்பக்கமெல்லாம் துணி துவைக்க, தண்ணீர் வேகமே போய்விட்டது. ஹீட்டர் பற்றவே இல்லை. சாந்தி துணிமணியை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள்.  நான் ஹீட்டர் பக்கத்தை விட்டு நகரவில்லை.

மூன்று மணிக்குத் தண்ணீர் மறுபடி வேகமாக வந்தது. கால் திருகு, அரைத் திருகு என்று பார்த்துப் பார்த்து, சூடும் வந்து நெருப்பும் நிற்கிற இடத்தைப் பிடித்தேன். குழாயில் அந்த இடத்தில் சாந்தியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். வெந்நீர் மட்டும் ஒரு வாளியில், பச்சைத்தண்ணீர் தனி வாளியில். விளாவுவது கைச்சொம்பால்தான். சூடு பார்த்துப் பார்த்து ஊற்றினேன். சாந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

நாலு மணிக்கு லோரி வந்தது. மாமியார் இறங்கி நேரே குளியலறைக்குப் போய் வெந்நீர் வாளியில் விரலை விட்டார், வெடுக்கென்று எடுத்தார். லோரியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். பிறகு முந்தானையில் விரலைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"முட்டி ரெண்டும் வலிக்குதும்மா. எனக்கும் ஒரு வாளி பிடி."

மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸ் வீட்டில், ஒரு வாளி வெந்நீருக்காக ஐந்தாவது தடவையாகக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அப்போதுதான் சாந்தியின் ஹீட்டர்மேல் எனக்குப் பொறாமையே வந்தது. தீபாவளிக்குள் நானும் ஒன்று மாட்டியே தீருவேன். நகப்பூச்சு இப்போதே வாங்கிவிட்டேன்.