அத்தை நடத்திய கேம் கம்பெனி

வில்லியனூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் ஒரு வீடியோ கேம் கம்பெனி இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எண்பதுகளின் நடுவில், ஊரில் டிவி இருந்ததே நான்கு வீட்டில்தான் என்ற காலத்தில், அப்பாவின் தங்கை, என் அத்தை, அதைத் தொடங்கினாள். அது வெளியிட்டது ஒரே ஒரு கேம். அதற்கும் நான் செய்த கைங்கரியத்தால் உயிர் போய் உயிர் வந்தது.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா கிறிஸ்மஸுக்குப் பாரீஸிலிருந்து வருவார், பொங்கல் முடிந்ததும் கிளம்பிவிடுவார். அந்த வருஷம் தன் மகனுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். பார்க்க டைப்ரைட்டரின் மேல்பாதி மாதிரி இருக்கும். டிவியையும் டேப்ரிக்கார்டரையும் ஒயரில் சேர்த்தால் வேலை செய்யும், கேம்கள் கேசட்டில் வரும். அந்த அண்ணன் மூன்று நாள் விளையாடிவிட்டுக் கிரிக்கெட்டுக்கு ஓடிப்போனான். கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு படித்த அத்தை, கூட வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நாமே ஒரு கேம் செய்து, கேசட்டில் பதிந்து, பாரீஸ் கடையில் விற்கப் போகிறோம் என்று நான்காம் நாள் சொன்னாள். மெஷின் ஊரில் இருக்கப்போவது இன்னும் மூன்றே வாரம்.

நாற்றங்காலில் மேய வரும் ஆடுகளை விரட்டிப் பட்டியில் அடைக்க வேண்டும், அதுதான் கேம். ஆடு என்பது M என்ற எழுத்து. ஒன்பது வயதுக்காரி எனக்கு அது பொறுக்கவில்லை. ஆட்டுக்கு நாலு கால் எங்கே என்று கேட்டேன்.

“ரெண்டு காலு தெரியுது இல்ல? மீதி ரெண்டும் அந்தாண்ட பக்கம் கீதுடி,” என்றாள் அத்தை, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவளுக்கு எதிரி மோட்டார் கரண்ட். அது வந்ததும் கரும்புக் கொல்லை, நெல் வயல் என்று எல்லா பம்ப்செட்டும் ஒரே மூச்சில் ஓடும், வீட்டு விளக்கு அழுது வடியும். மெஷின் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு, அதுவரை அடித்த அத்தனையையும் மறந்துவிடும். அத்தை மறுபடி முதல் வரியிலிருந்து அடிப்பாள். ஒருமுறை இரண்டுமுறை அல்ல, ஐந்துமுறை. எனக்கே அழுகை வந்தது. விட்டுத் தொலையேன் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

“மோட்டாரு அது வேலைய பாக்குது. நான் என் வேலைய பாக்கறேன், அண்ணி.”

அதன்பிறகு அடித்ததை உடனுக்குடன் கேசட்டில் பதிந்துகொண்டாள். காலி கேசட்டுக்கு எங்கே போவது? அப்பாவின் கிறிஸ்மஸ் பாட்டுக் கேசட்டின் முதுகில் இருந்த ஓட்டைகளைத் தாள் வைத்து அடைத்தாள். அப்படி அடைத்தால் பழைய பாட்டின்மேல் புதிதாகப் பதியலாம். அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று காலை கேம் முடிந்தது. முழுவதையும் பதிந்து, கேசட்டை அதன் பழைய உறையிலேயே போட்டுவிட்டு, அத்தை தலைக்குக் குளிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து, கோயிலுக்கு ரேடியோ செட் கட்டுகிறவர் வாசலில் வந்து நின்றார். வருஷா வருஷம் எங்கள் வீட்டுப் பாட்டுக் கேசட்டைத்தான் வாங்கிப் போய்ப் போடுவார். உறையில் பாட்டு என்று எழுதியிருந்தது, எடுத்துக் கொடுத்தேன். நல்ல பிள்ளை என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அவர் தெரு முனை தாண்டுவதற்குள் மோட்டார் கரண்ட் வந்துவிட்டது.

அத்தை வந்தபோது மெஷின் வெறுமையாக இருந்தது. பரவாயில்லை என்று உறையைத் தேடினாள். நான் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. ஈரத் தலையோடு கோயிலை நோக்கி ஓடினாள், பின்னாலேயே நான்.

பாதி வழியில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. கம்ப்யூட்டர் பதிந்த கேசட்டைப் பாட்டு மாதிரி ஓட்டினால் வரும் இரைச்சல், தகர டப்பாவை ஆணியால் கீறுகிற மாதிரி, நான்கு ஸ்பீக்கரிலும். நாய்கள் ஊளையிட்டன, சனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். செட்டுக்காரர் நிறுத்தப் போன கையை அத்தை இறுக்கிப் பிடித்தாள். அந்த செட் பாதியில் நிறுத்தினால் டேப்பை மென்றுவிடும், ஊருக்கே தெரிந்த விஷயம்.

“நிறுத்தாதண்ணே. முழுசா ஓடட்டும்.”

பங்குச் சாமியார் வெளியே வந்தார். “இன்னாம்மா இது, பேய் கத்தற மாதிரி?”

“கேம், சாமி. இன்னும் மூணு நிமிஷம், முடிஞ்சிரும்.”

அந்த மூன்று நிமிஷமும் பிடித்த கையை விடவில்லை. அப்பா பல்லைக் கடித்தபடி கூட்டத்தில் நின்றார். நான் வெட்கத்தில் செத்தேன். அவள் மட்டும் கண்ணை மூடி, சத்தம் எங்காவது அறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிவரை அறவில்லை.

மெஷின் போவதற்குள் அத்தை கேமின் வரிகளையெல்லாம் ஒரு கட்டம் போட்ட நோட்டில் எழுதிக்கொண்டாள். கேசட் பெரியப்பாவின் பெட்டியில் ஏறிப் போனது, மெஷினும் கூடவே போனது. ஈஸ்டர் கழிந்து பாரீஸ் கடைக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. அத்தை நின்றபடியே படித்து மடித்தாள்.

“சரிப்படலியாம்,” என்றாள்.

கம்பெனி மூடியாயிற்று என்று அப்பாவுக்கு நிம்மதி. எனக்கோ கொண்டாட்டம், ஏனென்றால் அந்தக் கோடை முழுவதும் அத்தை என்னோடு விளையாடினாள். அந்த நோட்டை மடியில் வைத்துக்கொள்வாள். இடது, வலது என்று நான் சொல்வேன். அவள் விரலால் வரி வரியாகத் தேடி, ஆடு எங்கே போனது என்று சொல்வாள். ஒரு நாள் ஆடு மூலையில் மாட்டிக்கொண்டு, நான் என்ன சொல்லியும் திரும்பவே இல்லை. “உன் ஆடு செத்துப்போச்சு அத்தை,” என்று கத்தினேன். அத்தை என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். தோற்றவள் எதற்குக் கொஞ்சுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

டிசம்பரில் பெரியப்பா மெஷினோடு வந்தார். அத்தை நோட்டைப் பார்த்து இரண்டே நாளில் எல்லாவற்றையும் அடித்து முடித்தாள். அடுத்த வருஷம் அந்தக் கடையில் அவள் பேர் போட்ட கேசட் விற்றது.

கடைக்காரரின் கடிதத்தை வளர்ந்து பிரெஞ்சு படித்த பிறகுதான் வாசித்தேன். கேம் நன்றாக இருக்கிறது, எங்கோ ஓரிடத்தில் ஆடு நின்றுவிடுகிறது, அதைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினால் விற்கத் தயார் என்று இருந்தது. அந்தக் கோடையில், வேலை வெட்டி இல்லாத அத்தை எனக்காக விளையாடுகிறாள் என்றே நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.