ஒன்பது பிள்ளைகளும் பியூமா கடலும்

தால்வா அக்கா அதைச் சொன்னபோது அவள் கையில் ஒரு குழந்தையின் ஈரத்துணி இருந்தது.

"ஜனவரியில புள்ளைங்களக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறோம். ஒம்பதையும்."

வேலை முடிந்து பிள்ளைகளை வாங்கிப்போக அவள் வீட்டு வாசலில் நின்றிருந்த நாங்கள் சிரித்துவிட்டோம். அவள் சிரிக்கவில்லை. துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

நாங்கள் குடியிருக்கும் குன்று பெலோ ஒரிசோன்டே நகரத்தின் ஓரத்தில் இருக்கிறது. எங்கள் மாநிலத்துக்குக் கடல் கிடையாது. கடல் வேண்டுமென்றால் பத்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து பக்கத்து மாநிலத்துக்குப் போகவேண்டும். நாங்கள் எட்டுப் பெண்களும் கீழே நகரத்துப் பெரிய வீடுகளில் பிள்ளை பார்க்கிறவர்கள். எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது தால்வா அக்கா. மூத்தவன் தாவிக்கு மூன்றரை வயது, கடைசிக் குழந்தைக்கு ஐந்து மாதம். என் மகள் எலோவாவுக்கு அப்போது பதினான்கு மாதம்.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. பத்தொன்பது வருடம் அவளும் ஆயாவாக இருந்தவள்தான். ஒவ்வொரு ஜனவரியும், எங்கள் பக்கத்துக் கோடை விடுமுறையில், எஜமானர்களோடு கடற்கரைக்குப் போவாள். வெள்ளைச் சீருடை, வெள்ளைச் செருப்பு, குடையின் கீழ் ஒரு ஸ்டூல். மற்றவர் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு முதல் அலையைக் காட்டியவள். அவள் மகன் வாக்னர் மட்டும் குன்றிலேயே சித்தி வீட்டில் வளர்ந்தான். அவன் முதல் அடி எடுத்துவைத்தது எப்போது என்று யாராவது கேட்டால், "நான் கடற்கரையில இருந்தப்போ" என்று மட்டும் சொல்வாள். அதற்குமேல் அந்தப் பேச்சு நகராது.

முதலில் தடுத்தது சுகாதார நிலைய நர்ஸ். "உனக்குப் பைத்தியமா தால்வா? வெயில், உப்புத் தண்ணி, பேதி, பஸ்ல வாந்தி, காய்ச்சல்..." என்று விரல் மடக்கிக்கொண்டே போனாள். அக்கா ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. கொசு."

"நல்லதாப் போச்சு. ஒவ்வொண்ணா நானே யோசிக்கணும்னு இருந்தேன். நீயே எடுத்துக் குடுத்துட்டே."

நர்ஸுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஐந்து மாதக் குழந்தையை வெயிலில் காட்டவே கூடாது, கிரீம்கூடப் பூசக்கூடாது, நிழல்தான் என்று கறாராகச் சொன்னாள். அதை அக்கா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். பிள்ளைகள் விஷயத்தில் சரியான பேச்சென்றால் எதிரி சொன்னாலும் கேட்பாள்.

அந்தத் தாள்தான் எங்கள் திட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டு முற்றத்தில் கூடுவோம். சனிக்கிழமைகளில் தெருமுனையில் பீன்ஸும் பன்றிக்கறியும் சமைத்து விற்று பஸ்ஸுக்கும் வாடகை வீட்டுக்கும் சேர்த்தோம்.

இரட்டைக் குழந்தைகளின் தாய் காட்டியா எல்லாவற்றிலும் ஒரு கேள்வி வைப்பாள். "எல்லாரும் ராத்திரி பஸ்லதானேக்கா போறாங்க?"

"அது பெரியவங்க தூங்கறதுக்கு. இதுங்க எப்போ தூங்கும்? மதியம் சோறு உள்ள போனதும். பதினோரு மணிக்குச் சோறு, பதினொன்றரைக்கு பஸ். ரெண்டரை வரைக்கும் சத்தம் இருக்காது. அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டி நிக்கும், புள்ளைங்க எறங்கி ஓடும்."

"டிரைவர் ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்கலைன்னா ஒம்பதையும் அவன் மடியில வெச்சுட்டு நான் ஓட்டறேன்."

கடலில் யாரையும் முழுக்க இறக்கப்போவதில்லை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் தொட்டி; அதில் கடல்நீர் மொண்டு நிழலில் வைப்பது. அலையோரம் போகிற ஒவ்வொரு பிள்ளையின் கையையும் ஒரு பெரிய ஆள் பிடித்திருப்பது. காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை, மறுபடி நாலு மணிக்குமேல். முறை வைத்து இரண்டு பேர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும், அவர்கள் கையில் போன் கூடாது. ஒட்டின மணலை உதிர்க்கச் சோளமாவு. தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று பழைய திரைச்சீலையை வெட்டி ஆரஞ்சு நிறத்தில் ஒன்பது தொப்பிகள். பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவனிடம் கெஞ்சி ஒரு வண்டி மணல்கூட அக்கா தன் முற்றத்தில் கொட்டிக்கொண்டாள், பிள்ளைகளுக்குக் கால் பழகட்டும் என்று. தாவி முதல் நாளே இரண்டு வாய் தின்றான்.

"இங்கயே தின்னுட்டான். அங்க போய்த் திங்கமாட்டான்," என்றாள். அங்கும் தின்றான், அது வேறு கதை.

தெரு ஆண்கள் எங்களுக்கு 'மாவு மூட்டைக்காரிகள்' என்று பெயர் வைத்தார்கள். வறுத்த மரவள்ளி மாவையும் கோழியையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகிற ஏழைகளுக்கு எங்கள் பக்கம் வழக்கமான கேலி அது. அக்கா மூட்டை கட்டும்போது வேண்டுமென்றே மாவு டப்பாவை மேலே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தாள்.

டிசம்பரில் என் எஜமானி லீவியாம்மா என்னைக் கூப்பிட்டாள். ஜனவரி இரண்டாவது வாரம் எனக்கு விடுப்பு என்று அக்டோபரிலேயே சரி சொல்லியிருந்தவள்.

"ஜுசாரா, அந்த வாரம் நாங்க பீச் வீட்டுக்குப் போறோம். நீயும் வரணும்."

"அது என் லீவும்மா. நானும் கடலுக்குத்தான் போறேன். பாப்பாவோட."

அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்புகூட இல்லை. குழந்தை பேசினால் சிரிப்போமே, அப்படி. "கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு பஸ்ல போயி என்னத்த அனுபவிக்கப் போற? எங்ககூட வந்தா ஏசி கார். அதே கடல்தானே?"

"எலோவா?"

"உன் தங்கச்சி இருக்காளே."

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பயம்தான் காரணம். அந்த வேலை போனால் என்ன செய்வது? அக்காவிடம் போய் வரமுடியாது என்று சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

அவள் எலோவாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரி. நீ அங்க போ. இவ என்கூட வருவா. இவ கடலப் பாக்கறதுல மாத்தமில்ல. பாக்கறப்போ நீ எங்க இருப்பேங்கறது உன் இஷ்டம்டீ."

எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளைத் திட்டினேன். மறுநாள் காலை அதே ஆத்திரத்தோடு லீவியாம்மா முன்னால் நின்றேன்.

"நான் வரலம்மா."

"அப்போ திரும்பியும் வரவேண்டாம்."

"சரி," என்றேன்.

ஜனவரி இரண்டாவது வாரம், பதினொன்றரைக்கு பஸ் கிளம்பியது. காட்டியாவின் இரட்டையர்கள் மாற்றி மாற்றி வாந்தி எடுத்தார்கள். மற்றபடி அக்கா சொன்னபடியே இரண்டரை வரை ஒரு சத்தமில்லை. இரவு பியூமா என்கிற கடற்கரை ஊரில் இறங்கியதும் வாடகை வீட்டில் படுத்துவிட்டோம்.

காலை ஆறரைக்கு மணலில் துணிக்கூடாரம் கட்டித் தொட்டிகளை வரிசையாக வைத்தோம். எலோவா கடலைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாள். முதல் நாள் முழுக்க அதற்கு முதுகு காட்டியே உட்கார்ந்திருந்தாள். வேலையை விட்டு வந்தவள் நான், அவளுக்கோ கடலே பிடிக்கவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் பின்னாலிருந்த ஓட்டலின் காவலாளி ஒருவன் மணலில் இறங்கி வந்தான். இளைஞன். எங்களையும் பிள்ளைகளையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ஆயாங்க உக்கார்ற எடம் பின்னாடி சுவரோரமா இருக்கு. இந்தப் புள்ளைங்களோட அம்மாங்க எங்க?"

காட்டியா ஒரு பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். "நான்தான்."

அடுத்தவள் எழுந்தாள். "நான்தான்." நானும் எழுந்தேன். வரிசையாக எட்டுப் பேரும் எழுந்து நின்றோம், ஈர உடையோடு, மணல் ஒட்டிய காலோடு.

அவன் முகம் சிவந்தது. "இல்ல... ஓட்டல் கெஸ்ட்டுங்க புகார் சொல்றாங்க. தொட்டி, கூடாரம் எல்லாம்..."

தால்வா அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். ஐந்து மாதக் குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, இந்த மணல் உங்க ஓட்டலோடதா?"

"இல்ல."

"யாரோடது?"

"...எல்லாரோடதும்."

"அப்போ புகார் சொன்னவங்ககிட்ட அதச் சொல்லு. பத்தொன்பது வருஷம் சுவரோரமா உக்காந்தாச்சு. இனிமே போலீஸ் வந்தாலும் புள்ள முழிச்சதுக்கப்புறம்தான் எழுந்திரிப்பேன்."

அவன் கொஞ்சம் நின்றான். குனிந்து குரலைத் தாழ்த்தி, "எங்கம்மாவும் ஆயாதான்," என்று சொல்லிவிட்டுப் போனான். அதன்பின் யாரும் வரவில்லை. மேல்மாடத்திலிருந்து ஓர் அம்மாள் எங்களைப் பார்த்து முகம் சுளித்தபடியே இருந்தாள். காட்டியா அவளுக்குக் கையசைத்தாள்.

மூன்றாம் நாள் எலோவா என் விரலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோரம் வந்தாள். ஒரு சின்ன அலை காலைத் தொட்டது. அதை ஓங்கி அறைந்தாள். அடுத்ததையும் அறைந்தாள். அலை போகப் போக, எதையோ ஜெயித்தவள் மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். யாரோ பிறகு வந்து சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை.

லீவியாம்மா சொன்னபடியே செய்தாள். இரண்டு மாதம் வேலையில்லை. சனிக்கிழமைப் பீன்ஸ்தான் சோறு போட்டது. மார்ச்சில் ஒரு டாக்டர் வீட்டில் ஆள் தேடினார்கள். அந்த வீட்டு அம்மா வேலை நேரமெல்லாம் பேசி முடித்துவிட்டு, "உன் பக்கம் ஏதாவது நிபந்தனை இருக்கா?" என்றாள். சும்மா ஒப்புக்குக் கேட்ட கேள்வி அது.

"இருக்கும்மா. ஜனவரி ரெண்டாவது வாரம் நான் இருக்கமாட்டேன். எந்த வருஷமும்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.