லிஸ்பனில் வெட்டிய ஒரு நாள்

1. முதல் திட்டு

"இதென்னம்மா, ரோமாபுரியில குடித்தனம் வைக்கவா போறாங்க?"

வேலையில் சேர்ந்த அன்று முதலாளி காஜா பாய் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் இதுதான். பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ். ஐட்டினரி போடுவது என் வேலை. எந்த ஊரில் எத்தனை ராத்திரி, எப்போது ரயில், எப்போது ஃபிளைட் என்று பயணத்தை ஒரு தாளில் அடக்கிக் கொடுக்க வேண்டும். ஐரோப்பா போகிற ஒரு டாக்டர் குடும்பத்துக்கு நான் ரோமில் ஐந்து ராத்திரி போட்டிருந்தேன். காஜா பாய் பேனாவால் அதை இரண்டாக்கினார்.

"செண்பகம், எந்த ஊருக்குப் போகணும்னு அவங்க முடிவு பண்ணிட்டுத்தான் நம்ம மாடிப்படி ஏறுதாங்க. எத்தன நாளுன்னுதான் தெரியாது. அதச் சொல்லத்தான் உனக்குச் சம்பளம்" என்றார்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே இருபத்தாறு வருடம் ஓட்டினேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் எட்டு நாளில் ஆறு தேசம் பார்க்க வேண்டும். வெனிஸுக்கு ரெண்டு மணி நேரம் போதும், படகுல ஒரு சுத்து சுத்தி போட்டோ எடுத்துட்டு ஓடி வந்துருவோம் என்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்டி நான் கண்டுபிடித்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு ஊரில் எத்தனை நாள் என்று எண்ணாதே, எத்தனை காலை அங்கே கண் விழிக்கிறாய் என்று எண்ணு. போய் இறங்கிய நாள் பெட்டியோடு போய்விடும், கிளம்புகிற நாள் பரபரப்பில் போய்விடும். இரண்டு காலையாவது விழிக்காத ஊர் உனக்கு வெறும் பஸ் ஸ்டாண்டுதான். இதைச் சொன்னால் சிலர் கேட்டார்கள். பலர் ஆறு தேசத்தையும் பார்த்துவிட்டு வந்து எது எந்த தேசம் என்று போட்டோவைக் காட்டி என்னிடமே கேட்டார்கள்.

2. ஒன்பதாம் நாள்

எங்கள் பக்கத்து ஐட்டினரியில் சென்னைக்காரர்கள் பார்க்காத ஒரு சிக்கல் உண்டு. வீட்டைவிட்டுக் கிளம்பிய ஒன்பதாம் நாள் வீடு திரும்பக் கூடாது. எட்டாம் நாள் வரலாம், பத்தாம் நாள் வரலாம், ஒன்பது மட்டும் ஆகாது. சென்னையிலும் பழைய ஆட்கள் இதைச் சொல்வார்களாம். ஆனால் டிராவல்ஸ்காரரிடம் வந்து சண்டை போடுவது எங்கள் ஆட்கள்தான்.

அதனால் கணக்கில் ஒன்பது விழுந்தால் நாங்கள் ஒரு நாளை வெட்டுவோம். ஒரு நாளைக் கூட்டலாம் என்ற யோசனை எங்களுக்கு வந்ததே இல்லை. கூட்டினால் பார்ட்டி மிரண்டு வேறு ஆபீசுக்குப் போய்விடும் என்று பயம். வெட்டுவதும் எப்போதும் கடைசி ஊரில்தான், ஏனென்றால் மற்றதைக் கலைக்க வேண்டியதில்லை. இப்படி எத்தனை பேருடைய கடைசி நாட்களை வெட்டினேனோ, எனக்கே தெரியாது. என் கையை நானே வெட்டிக்கொண்ட கதை மட்டும் தெரியும்.

3. வாசல் கணக்கு

ஒரு வருடம் பாரிஸ், லிஸ்பன் என்று இரண்டே ஊர் வைத்து ஒரு குரூப் போட்டேன். பதினான்கு பேர். டூர் மேனேஜராக நானே கூடப் போவதாக ஏற்பாடு. பாரிஸில் மூன்று ராத்திரி, லிஸ்பனில் மூன்று ராத்திரி. செவ்வாய் ஃபிளைட் ஏறி அடுத்த செவ்வாய் வீடு, மொத்தம் எட்டு நாள். ஐரோப்பாவில் எத்தனையோ ஊர் இருக்க லிஸ்பன் ஏன் என்று காஜா பாய் கேட்டபோது, ஆறு இருக்கு, கடல் இருக்கு, கோயில் மாதிரி பழைய கட்டடம் இருக்கு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மைக் காரணம் என் தம்பி சுடலைமணி.

அவன் கப்பல் வேலைக்கு என்று போய், லிஸ்பனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரனாக நின்றுவிட்டவன். அங்கேயே தெரேசா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். அம்மா அவனோடு பேசுவதை நிறுத்தினாள். நிறுத்தியவள் நிறுத்தியபடியே போய்ச் சேர்ந்தும்விட்டாள். காரியத்துக்கு அவனால் வர முடியவில்லை. அதன்பிறகு அவனுக்கு ஊருக்கு வரக் காலும் எழவில்லை. எனக்குப் போன் போட்டால் முதலில் கேட்பது, "அக்கா, ஆத்துல தண்ணி போகுதா?" என்றுதான். எங்கள் ஆற்றின் குறுக்குத்துறையில் குதித்து வளர்ந்தவன்.

அவனுக்கு வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. லிஸ்பனில் எங்கள் மூன்றாம் நாள் ஞாயிறு. குரூப்பை லோக்கல் கைடிடம் விட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போய்ச் சொதி வைக்க வேண்டும் என்பது என் திட்டம். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு இல்லாமல் மறுவீடு கிடையாது. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், பக்கத்தில் இஞ்சித் துவையல். அவன் கல்யாணத்துக்கு வீட்டிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடப் போகவில்லை. அந்தச் சாப்பாட்டையாவது நான் போட்டுவிட வேண்டும் என்று கிடந்தேன். பாசிப்பருப்பை வறுத்துப் பொட்டலம் கட்டிப் பெட்டியில் வைத்தாயிற்று.

பயணத்துக்கு முன் தாளை வாங்கிப் போக, குரூப்பில் வருகிற ஸ்ரீவைகுண்டம் வாழைக்காய் வியாபாரி நம்பிராஜன் அண்ணாச்சி வந்தார். விரல் விட்டு எண்ணினார்.

"எம்மா, ஃபிளைட்டு செவ்வாக்கிழம விடியக்காலம் நாலு மணிக்கு. அதுவும் திருவனந்தபுரத்துல. அப்ப நாங்க திங்கக்கிழம சாயந்தரமே வாசலத் தாண்டணும்லா? வாசல் தாண்டுன நாளுதான் மொத நாளு. எண்ணிப் பாரு, ஒம்போதாம் நாளுல்லா வீட்டுக்குள்ள வாரோம்!"

எண்ணினேன். ஒன்பது. இத்தனை வருட சர்வீஸில் ஃபிளைட் ஏறும் நாளை முதல் நாளாக எண்ணி நான் இப்படி மாட்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆசையில் கணக்கு கண்ணை மறைத்துவிட்டது.

காஜா பாய் என்னைப் பார்த்தார். "எங்கன வெட்டலாம்?"

பாரிஸில் வெட்டலாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாளைக் கூட்டிப் பத்தாக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். என் தம்பிக்காகக் குரூப்பை வளைத்தேன் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாதே என்ற வீம்பு எனக்கு. "வழக்கம்போல கடைசி ஊர்லதான் பாய்" என்றேன். லிஸ்பன் மூன்று ராத்திரி இரண்டானது. ஞாயிறு காலையில் ஏர்போர்ட்.

4. நாற்பது நிமிஷம்

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு வேலைக்கும் ராத்திரி வேலைக்கும் நடுவே தம்பி ஹோட்டலுக்கு ஓடி வந்தான். நாற்பது நிமிஷம்தான் இருக்கும் என்றான். தலை முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. சட்டையில் வெங்காய வாசம். அவன் கையைப் பிடித்தேன். அதற்குள் நம்பிராஜன் அண்ணாச்சியின் மனைவி கோமதி ஆச்சி லிஃப்டிலிருந்து கத்தினார்.

"செண்பகம், பெட்டி பூட்டு தொறக்க மாட்டேங்கு! மாத்திரையெல்லாம் உள்ள கெடக்கு!"

போனேன். தம்பியும் பின்னாலேயே வந்து, தரையில் குத்தவைத்து, ஸ்பூன் காம்பை வைத்து நெம்பித் திறந்தான். அதற்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

அண்ணாச்சி அவனை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நம்ம ஊரு முகமால்லா இருக்கு?"

"ஆமா அண்ணாச்சி, பாளையங்கோட்டை" என்றான் அவன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் என் தம்பி என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுப் பல்லைக் கடிக்கிறேன். டியூட்டியில் இருக்கும்போது சொந்தக் கதை பேசக் கூடாது என்று பெரிய ஆபீசர் மாதிரி ஒரு நினைப்பு.

வாசலில் வைத்துப் பருப்புப் பொட்டலத்தைக் கொடுத்தேன்.

"என்னக்கா இது?"

"சொதிக்கு. நாளைக்கு வந்து வைக்கலாம்னு இருந்தேன்."

"நாளைக்குத்தான் லீவு" என்றான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு டிராமைப் பிடிக்க ஓடினான்.

மறுநாள் ஏர்போர்ட்டில் நான் அழுததைக் கோமதி ஆச்சி பார்த்துவிட்டார். விடாமல் கேட்டார், சொல்லிவிட்டேன். அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏம்மா, ஒரு வார்த்த சொல்லப்படாதா? ஒம்போது ஆகாதுன்னுதான சொன்னேன். பத்து ஆகாதுன்னு நான் சொன்னனா? ஒரு நா கூட்டியிருப்போமே. பதினாலு பேரும் சேந்து ஒந்தம்பி வீட்டுல சொதி சாப்புட்டுருப்போமே!"

அவரை நான் கேட்கவே இல்லை. வெட்டத்தான் சொல்வார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். விமானம் ஏறி, ஜன்னலுக்குக் கீழே அந்த ஊர் ஆறு கடலில் சேர்வதைப் பார்த்தபோது, இறக்கி விட்டுவிடுங்கள் என்று கத்தலாம்போல் இருந்தது. அதன்பின் எத்தனை பேருக்கு லிஸ்பன் போட்டேனோ, அத்தனை முறையும் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

5. கூட்டிய நாட்கள்

ஓய்வு பெற்றபின் போன வருடம் தனியாகப் போனேன். புத்தி எங்கே போகும்? எட்டாம் நாள் வீடு திரும்புகிற மாதிரி டிக்கெட் போட்டேன். முன்னே பின்னே பார்த்திராத தம்பி பெண்டாட்டி வீடு, அவர்கள் சலிக்கும் முன் நாமே எழுந்துவிட வேண்டும் என்று ஒரு கெத்து வேறு.

ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தேன். வங்காளதேசத்துக்காரர் கடையில் உறைய வைத்த முருங்கைக்காய் கிடைத்தது. பருப்புக்கு அலமாரியைத் திறந்தால் என் பழைய பொட்டலம் அப்படியே இருந்தது. வண்டு விழுந்து பாதி மாவாகிப் போயிருந்தது.

"ஏலே, இதத் தூரப் போடாம வச்சிருக்கியே?"

"நீ வந்து வைப்பன்னு சொன்னல்லா" என்றான்.

தெரேசா சொதியைக் கோப்பையில் ஊற்றி சூப் மாதிரிக் குடித்தாள். சோற்றில் ஊற்றிப் பிசையச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். தம்பி தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டான். "அம்மா இதுல இஞ்சி கொஞ்சம் கூடப் போடுவா" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் பெட்டி அடுக்குகிறேன், மறுநாள் ஃபிளைட். அவன் வந்து வாசற்கதவில் சாய்ந்து நின்றான். அம்மாவின் ராகு காலத்தையும் சூலத்தையும் ஊரெல்லாம் கேலி செய்து திரிந்தவன் அவன்.

"அக்கா, என்னைக்கு வீட்டுக்குப் போய்ச் சேருவ?"

"வியாழக்கிழம. எட்டாம் நாளு."

"ஒரு நா கூட இருந்தா?"

"ஒம்போதுலே. ஆகாது."

"ஆகாதுல்லா. அப்ப ரெண்டு நாளாக் கூட்டிரு" என்றான். குரலில் கேலி இல்லை.

போனை எடுத்து டிக்கெட்டை மாற்றினேன். இருபத்தாறு வருடத் தொழிலில் நான் கூட்டிய முதல் இரண்டு நாட்கள் அவை. எந்த இடத்தையும் பார்க்கவில்லை. அவன் வேலைக்குப் போகும்போது டிராம் நிறுத்தம் வரை கூட நடந்தேன், திரும்பி வரும்போது அங்கேயே போய் நின்றேன். அவ்வளவுதான்.

எங்கள் பழைய ஆபீசில் இப்போது இருக்கிற பிள்ளைகள் ஐரோப்பாவுக்கு எத்தனை நாள் போடலாம் என்று போனில் கேட்பார்கள். காலைகளை எண்ணச் சொல்வேன். கணக்கில் ஒன்பது விழுந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதிரே இருப்பவரிடம் கூட்டலாமா என்று முதலில் கேட்கச் சொல்வேன். என் சர்வீஸில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான், அதையும் வேலையை விட்டபின்தான் கற்றேன்.

கிளம்பும் அன்று ஏர்போர்ட்டில் தம்பி கேட்டான், "அடுத்த தடவ எத்தன நாளுக்கா?"

"அடுத்த தடவ நீ வா. எத்தன நாளுன்னு நான் கேக்க மாட்டேன்."

அவன் என் பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"ஆத்துல தண்ணி போகுதாக்கா?"

"போகுதுலே" என்றேன்.