போபோடி என்பது திட்டு இல்லை

என் கபடி பிளாகில் வரும் கமெண்ட்களைப் பாராட்டு, கேள்வி, திட்டு என்று தானாகப் பிரிய வைத்திருந்தேன். பேரிலோ கமெண்டிலோ ‘போடி’ இருந்தால் நேராகத் திட்டுப் பெட்டிதான். அந்தப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இன்று பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா என் போனைக் கவனித்தார்.

“இந்த பிளாகா? பத்து கமெண்ட் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல. திமிர் புடிச்ச பொண்ணு!”

“அக்கா... அது நான்தான். என்ன பேர்ல போட்டீங்க?”

“போபோடி செல்வி.”

தேடினேன். பத்தும் திட்டுப் பெட்டியில்! பத்துமே பாராட்டு!! பேருக்குள் இருந்த ‘போடி’தான் காரணம் என்று சொன்னேன்.

“எங்க ஏரியா பேரே உனக்குத் திட்டாடி?”

அக்கா சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் இறங்குவதற்குள் பத்துக்கும் பதில் போட்டுவிட்டேன்.

எங்க ஊரின் இன்னொரு ஏரியாவான கோர்படி மக்களே, ‘படி’க்கு இங்கே தடை இல்லை. தைரியமாக எழுதுங்கள்!