புகைய தேடி வந்த ஏரோப்ளேன்

முதல்லயே சொல்லிடறேன், பேய் பிசாசுன்னு யாராச்சும் கதைய ஆரம்பிச்சா பைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சு போற ஆளு நான். இத்தன வருஷமா இந்த மலாய் நாட்டுல டூரிஸ்ட் வேன் ஓட்டறேன், பிரிக்ஃபீல்ட்ஸ் ஹோட்டல் வாசல்ல ஆள ஏத்திக்கிட்டு போகாத ரோடு இல்ல. காராக் ரோட்ட பத்தி எங்க டிரைவருங்க என்னென்னமோ சொல்வாங்க, பின்சீட்ல யாரோ உக்காந்திருந்தாங்க அது இதுன்னு. எனக்கு அந்த ரோட்டுல கெடச்சது ஸ்பீட் சம்மன் மட்டும்தான். எங்க வீட்டுக்காரரு கப்பல் போர்ட்ல வேல பாக்கறவரு, பண்டமாரான்ல எங்க வீட்டு வாசல்ல எலுமிச்சம்பழம் கட்டறது அவருதான், நான் அத கழட்டி ஜூஸ் போட்ருவேன். அப்படிப்பட்ட ஆளு சொல்றேன். நம்புனா நம்புங்க, இல்லன்னா கோப்பிய குடிச்சுட்டு கெளம்புங்க, எனக்கு கோவம் வராது.

போன வருஷம் மழ சீசன்ல இங்கிலாந்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. மார்கரெட்னு பேரு. எழுபது தாண்டிருச்சு, ஆனா பூட்ஸ போட்டுக்கிட்டு சும்மா டக்கு டக்குன்னு நடப்பாங்க. பல் டாக்டர் கிளினிக்ல வேல பாத்து ரிட்டையர் ஆனவங்க. வேன்ல ஏறுனதும் என் பல்ல பாத்துட்டு, "கீழ் வரிசைய ஒருக்கா காட்டிக்கோ சரஸ்"னாங்க, அதுல இருந்தே எனக்கு அவங்கள புடிச்சுப் போச்சு. மேடம்னு ஆரம்பிச்சது சாயந்தரத்துக்குள்ள ஆன்டி ஆயிருச்சு.

எல்லாரையும் மாதிரி பத்து மலை கோயிலுக்கு, டுவின் டவருக்குன்னு கேப்பாங்கன்னு நெனச்சேன். அவங்க கேட்டது உலு சிலாங்கூர் பக்கம் ஒரு காட்டு மலை. பேர சொல்ல மாட்டேன், சொன்னா நாளைக்கே கேமராவ தூக்கிக்கிட்டு பத்து பேரு போவாங்க. அங்க எதுக்கு ஆன்டின்னு கேட்டப்பதான் விஷயத்த சொன்னாங்க. ஜப்பான்காரன் போன பெறகு, இங்க காட்டுக்குள்ள கம்யூனிஸ்ட்ட தேடி வெள்ளக்கார பட்டாளம் சுத்திக்கிட்டு இருந்த காலம். உள்ள இருக்கற சோல்ஜருங்களுக்கு அரிசி, டின் சாப்பாடு, மருந்து எல்லாம் ஏரோப்ளேன்ல கொண்டாந்து பாராசூட்ல போடுவாங்களாம். சாமான் ஏத்தற பெரிய பட்டாள ஏரோப்ளேன், ரெண்டு இஞ்சின் வச்சது. கதவு தெறந்தபடியே இருக்கும், வாசல்ல நின்னு மூட்டைய தள்ளிவிடறதுதான் அவங்க அப்பா வேல. ஆன்டி அவங்க அம்மா வயித்துல இருக்கறப்ப அந்த ஏரோப்ளேன் மலைல மோதிருச்சு. யாரும் பொழைக்கல. அப்ப அந்த மாதிரி நெறைய விழுந்துச்சாம், சண்ட முடிஞ்சும் வீட்டுக்கு வராத ஆளுங்க அவ்வளவு பேரு.

நான் வருத்தமா ஏதோ சொல்ல வந்தேன், அவங்க கைய காட்டி நிறுத்திட்டாங்க. "பாக்காத ஆளுக்கு அழ முடியாது சரஸ். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துது"ன்னாங்க.

என்னன்னா, கீழ இருக்கறவங்க நெருப்பு மூட்டி புகை விடணும். அந்த புகைய பாத்துதான் மேல இருக்கறவங்க சாமான தள்ளுவாங்க. அன்னிக்கு பூரா பனிமூட்டம். ஏரோப்ளேன் புகைய தேடி சுத்தி சுத்தி வந்துச்சு, கெடைக்கல, தாழ வந்து மலைல போய் விழுந்துச்சு. கீழ இருந்தவங்க நெருப்ப மூட்டுனாங்களா, வெறகு நனைஞ்சு போய் பத்தலையா, எடம் மாறி நின்னாங்களா, யாரும் அவங்க அம்மாவுக்கு சொல்லல. அந்தம்மா சாகற வரைக்கும் அதையே கேட்டுக்கிட்டு இருந்தாங்களாம். "அதனால நான் போய் அங்க ஒரு நெருப்ப மூட்டிட்டு வரணும், அவ்வளவுதான்"னு ஆன்டி சொன்னாங்க. கடைக்கு போய் பால் வாங்கணும்ங்கற மாதிரி சொன்னாங்க.

கைடுக்கு அலோங்ன்னு ஒருத்தர புடிச்சேன். அந்த மலையடிவாரத்து கம்பத்து ஆளு, காட்டு பூர்வகுடி ஒராங் அஸ்லிங்க கிராமம் அது, என் வயசு இருக்கும், அதிகம் பேச மாட்டாரு. ஏரோப்ளேன் தகரம் இன்னும் மேல கெடக்கு, ஆனா ஆன்டியால அவ்வளவு தூரம் ஏற முடியாதுன்னு பாத்ததுமே சொல்லிட்டாரு. ஆன்டி, "நான் போக வேண்டிய எடம் அது இல்ல, சோல்ஜருங்க நின்ன எடம்"னாங்க. அலோங் அந்த எடம் தெரிஞ்ச ஆளு மாதிரி பாராங் கத்திய எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு முன்னால நடந்தாரு.

காலைல மழ பேஞ்சு விட்டிருந்துச்சு. நடக்க நடக்க அட்டை வேற, நான் சாக்ஸுக்குள்ள பேண்ட்ட விட்டுக்கிட்டு எல்லா சாமியையும் திட்டிக்கிட்டே போனேன். கடைசில ஒரு சின்ன ஆறு, அத தாண்டுனா மரம் இல்லாத ஒரு எடம், புல்லு மட்டும் மொளைச்சு கெடந்துச்சு. நாங்க போய் சேர்ந்தப்ப நடுப்பகல்தான், ஆனா மேல பனி எறங்கி மரத்து உச்சியெல்லாம் காணாம போச்சு. ஆத்து சத்தமும் பூச்சி சத்தமும் மட்டும்தான்.

அலோங் எங்க இருந்தோ மரப்பிசின் கொண்டாந்து ஈர வெறகுலயே நெருப்ப புடிக்க வச்சிட்டாரு. தீக்குச்சிய கிழிச்சது ஆன்டிதான். பச்ச எலைய மேல போட்டதும் வெள்ளையா, கெட்டியா பொகை எந்திரிச்சு நேரா மேல போச்சு. ஆன்டி ஒரு கல்லு மேல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் பிளாஸ்க்க தெறந்து கோப்பி ஊத்தறேன், அப்பதான் பூச்சி சத்தம் நின்னுச்சு.

பெறகு இஞ்சின் சத்தம். தூரத்துல, லோரி மேடு ஏறற மாதிரி ஒரு முக்கல், அதுல ரெண்டு சத்தம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம கேக்குது. ஜெட் சத்தம் இல்ல லா, எங்க வீடு இருக்கற பக்கம் நாளெல்லாம் ஏரோப்ளேன் போகும், எனக்கு அந்த சத்தம் தெரியும். சுபாங் ஏர்போர்ட்ல இருந்து சின்ன ஏரோப்ளேன் ஏதாச்சும் வருதுன்னுதான் நெனச்சேன். ஆனா அது போகல. மலைய சுத்தி வந்துச்சு, திரும்ப வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் இன்னும் கிட்ட. கோப்பி மேல சின்ன சின்ன வட்டமா ஆடுது, நெஞ்சுக்குள்ள அதிருது, அண்ணாந்து பாத்தா வெறும் பனி.

"அலோங், உனக்கு கேக்குதா?"ன்னு மலாய்ல கேட்டேன். அவரு போய் இன்னும் ரெண்டு கை பச்ச எலைய ஒடிச்சு நெருப்புல போட்டாரு.

எனக்கு அப்ப ஒரே ஒரு நெனப்புதான், இது இப்ப எங்க தலைல விழப்போகுது. தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டு நெருப்ப அணைக்க ஓடுனேன். ஆன்டி என் மணிக்கட்ட புடிச்சாங்க. எழுபது வயசுக்காரங்க புடி இல்ல அது.

"அணைக்காத. அவங்களுக்கு இது தெரியணும்."

"ஆன்டி, ரொம்ப தாழ வருது."

"தெரியும். நில்லு."

நின்னேன். அது எங்க தலைக்கு நேரா மேல வந்துச்சு. காத்து ஒரு துளி இல்ல, மரத்துல ஒரு எலை ஆடல, ஆனா நேரா போய்க்கிட்டு இருந்த பொகை அப்படியே தட்டையா படுத்துருச்சு. அடுத்த நிமிஷம் ஆத்துக்கு அந்தப் பக்கம் தொப்புன்னு ஒரு சத்தம். பெறகு இன்னொண்ணு. பெறகு கொஞ்சம் தள்ளி வரிசையா. துரியான் பழம் விழற சத்தம்னு சொல்வீங்க, அது துரியான் சீசனும் இல்ல, அங்க துரியான் மரமும் இல்ல. அரிசி மூட்டைய லோரில இருந்து கீழ போட்டா எப்படி கேக்கும், அப்படி கேட்டுச்சு. பெறகு இஞ்சின் சத்தம் உயர ஏறிச்சு. ஏறி, மலைக்கு மேலாப்புல போயி, தெக்கு பக்கமா கொறைஞ்சு கொறைஞ்சு போயிருச்சு. மோதற சத்தத்துக்காக நான் மூச்ச புடிச்சுக்கிட்டு இருந்தேன். அது வரவே இல்ல. பூச்சிங்க மறுபடியும் கத்த ஆரம்பிச்சிருச்சு.

ஆன்டி கன்னத்த தொடச்சுக்கிட்டு, "சரி, அங்க போய் பாக்கலாம்"னாங்க.

ஆத்த தாண்டி போனோம். ஒண்ணும் இல்ல. மூட்டை இல்ல, பாராசூட் இல்ல. ஆனா ஒரு எடத்துல காட்டு செடியெல்லாம் வட்டமா நசுங்கி கெடந்துச்சு, ஒடைஞ்ச தண்டுல இருந்து பாலு அப்பதான் வடியுது. கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு, அதே மாதிரி. பன்னி படுத்து எந்திரிச்ச எடம்னு அவராச்சும் சொல்வாருன்னு அலோங்க பாத்தேன். அவரு அந்த பேச்சே எடுக்கல. நாங்க பாத்துக்கிட்டு நிக்கறப்பவே நசுங்கின செடி ஒரு பக்கமா மெல்ல நிமிந்துச்சு, மேல இருந்த பாரத்த யாரோ தூக்கி எடுத்த மாதிரி.

திரும்பி வர்ற ஒத்தையடி பாதை ரொம்ப குறுகல், ஒரு பக்கம் மூங்கில், ஒரு பக்கம் சரிவு. முன்னால போன அலோங் திடீர்னு மூங்கிலோட ஒட்டி நின்னாரு. அவருக்கு பின்னால ஆன்டியும் ஒட்டி நின்னாங்க. நானும் ஒதுங்கிட்டேன். சாப்பாட்டு கடைல அரிசி மூட்டை தூக்கிக்கிட்டு ஆளு வந்தா வழி விடுவோம்ல, அந்த மாதிரி உடம்பு தானா ஒதுங்குச்சு. நான் தலைய குனிஞ்சு பூட்ஸ பாத்துக்கிட்டு நின்னேன். சகதி வாடையும் வேர்வை வாடையும் மூக்குல ஏறிச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அலோங் நடக்க ஆரம்பிச்சாரு, நாங்களும் நடந்தோம்.

அலோங் கம்பத்துல எறங்கறப்ப அவருக்கிட்ட கேட்டேன், உங்க ஆளுங்க இத முன்னால கேட்டிருக்காங்களான்னு. "ஏரோப்ளேன் சுத்தறது எல்லாருக்கும் தெரியும். சாமான் போட்டு இன்னிக்குதான் பாக்கறோம்"னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள போயிட்டாரு. ஃபோன்ல லைன் வந்ததும் தேடுனேன், ஏரோப்ளேன் எது எங்க பறக்குதுன்னு காட்டற ஆப் இருக்குல்ல, அதுல அந்த நேரத்துக்கு அந்த மலைப்பக்கம் ஒண்ணுமே இல்ல. இடியா இருக்கும்னாரு எங்க வீட்டுக்காரரு, பேய நம்பற மனுஷன். கல்லு ஒடைக்கற எடத்துல வெடி வச்சிருப்பாங்கன்னாங்க இன்னொருத்தவங்க. இருக்கலாம், நான் சண்டைக்கு போகல.

மூணாம் நாளு ஆன்டிய ஏர்போர்ட்ல கொண்டு போய் விட்டேன். வழி பூரா பல்லு, பேரப்புள்ளைங்க, சாப்பாடுன்னு பேசிக்கிட்டு வந்தாங்க, மலைய பத்தி ஒரு வார்த்த இல்ல. பெட்டிய எறக்கி கைல குடுத்தேன், கட்டி புடிச்சாங்க. பெறகு ஏதோ ரொம்ப நேரமா கேக்கணும்னு இருந்த மாதிரி, கொஞ்சம் கண்டிக்கற கொரல்ல கேட்டாங்க.

"சரஸ், அன்னிக்கு பாதைல கடைசியா போனவன், சின்ன வயசு, மூட்டைய தோள் மாத்திக்கிட்டு நின்னு உனக்கு தேங்க்ஸ் சொன்னானே. நீ ஏன் தலையே நிமிரல?"

நான் வாய தெறக்கறதுக்குள்ள கதவு வழியா உள்ள போயிட்டாங்க.

அவங்களுக்கு ஃபோன் போட்டு கேக்கலாம், நம்பர் இருக்கு. கேக்கல. எனக்கு அதுல பயம் இல்ல, சத்தியமா இல்ல. ஒரு ஆளு பாரத்த தூக்கிக்கிட்டு நின்னு மரியாதையா ஒரு வார்த்த சொல்லியிருக்கான், நான் என் பூட்ஸ பாத்துக்கிட்டு நின்னிருக்கேன். இப்பவும் வேன்ல தனியா போறப்ப அவன் மொகம் எப்படி இருந்திருக்கும்னுதான் யோசிக்கறேன்.